வேலையோடு ஒட்டிக்கொண்ட மூச்சுப் பயிற்சி: என் அனுபவம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை எனக்கு. பினாங்குப் பாலத்து நெரிசலைத் தாண்டி வருவதற்குள்ளேயே மனம் களைத்துவிடும். அமெரிக்காவில் 1979-இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது அந்தந்தக் கணத்தில் முழுக் கவனத்தோடு இருக்கப் பழகும் பயிற்சி, 8 வாரம் நடக்கும். வீட்டிலும் தினமும் பயிற்சிக்கு உட்கார வேண்டும். அருமையான முறைதான். ஆனால் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது கஷ்டம்.

சரி, எப்படியும் செய்யும் வேலையோடு அதைச் சேர்த்துவிட்டேன். கிளீன்ரூமுக்குள், அதாவது தூசி புகாத வேலை அறைக்குள், நுழையுமுன் அங்கி மாட்டுவோம் இல்லையா, அப்போது ஜிப்பை மெதுவாக இழுப்பேன். கையுறை ஒவ்வொரு விரலிலும் இறுகுவதைக் கவனிப்பேன். மூச்சை நிதானமாக வெளியே விடுவேன். மனம் வேறெங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வருவேன். பயிற்சியின் உயிரே அதுதான். இப்போது அலாரம் அடித்தாலும் கை பதறுவதில்லை. புதிதாகச் சேரும் தம்பிகளுக்கும் அங்கி மாட்டும் இடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன்.