பழைய வாட்ச்சை யாரிடம் சர்வீஸுக்குக் கொடுப்பது?

அப்பா கட்டியிருந்த சாவி கொடுக்கிற வாட்ச்சை ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நேரமெல்லாம் சரியாகத்தான் ஓடியது, ஆனால் ஸ்ட்ராப் கோக்கிற காதுகளில் இருந்த கூர்மையான விளிம்பு பாலிஷில் தேய்ந்து, பாதி கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. தேய்ந்த உலோகம் திரும்பி வராது. அதனால் இப்போதெல்லாம் யாரிடம் போனாலும் நான் முதலில் கேட்பது, "இதில் எதையெல்லாம் தொடாமல் விடுவீர்கள்?" என்பதுதான்.

"புத்தம்புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பழுப்பேறிய டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் அதன் மதிப்பும் போகும், நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்த முகமும் போகும். நல்ல ஆள் உங்களிடம்தான் கேள்வி கேட்பார்: யாருடையது, தினமும் கட்டுவீர்களா, கடைசியாக எப்போது திறந்தார்கள்?

கம்பெனி சர்வீஸ் சென்டரா, தனியாக வேலை பார்ப்பவரா? கம்பெனியில் அசல் பாகமும் கேரண்டியும் கிடைக்கும், ஆனால் மங்கிய முள்ளையும் டயலையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு, ரொம்பப் பழைய மாடல் என்றால் பாகமே இல்லை என்று கைவிரிப்பதும் உண்டு. படேக் பிலிப் மாதிரி, 1839 முதல் தான் செய்த எதையும் சர்வீஸ் செய்வோம் என்று சொல்கிற கம்பெனிகள் குறைவு. தனி ஆளிடம் வேறு சிக்கல்: சில கம்பெனிகள் வெளியாட்களுக்கு ஸ்பேர் விற்பதில்லை. பாகம் தேவைப்பட்டால் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

அப்புறம் வேலை செய்யும் முறை. இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவது சர்வீஸே இல்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்ப்ரிங்குக்குக் கெட்டியான கிரீஸ், இங்கும் அங்கும் ஆடும் பேலன்ஸ் வீலின் ஊசிமுனைக்கு மெல்லிய எண்ணெய் என்று இடம் பார்த்து வைக்க வேண்டும். அந்த வீலைத் தட்டித் தட்டி ஆடவைக்கும் சின்னக் கவையான பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளில் பொதுவாக எண்ணெயே வைப்பதில்லை. இதைக் கேட்டால் தெரிந்தவர் ஆர்வமாக விளக்குவார். அவர் முடித்து வைத்திருக்கும் வேறொரு வாட்ச் திறந்திருந்தால் லென்ஸ் வாங்கி ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெட்டின் ஓரம் சிதைந்து, பக்கத்துத் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் புதிதாகப் பளிச்சென்று இருந்தால், வாட்ச்சைக் கொடுக்காமல் வந்துவிடலாம்.

வாட்ச்சின் டிக்-டிக் சத்தத்தைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும், வாட்ச்சைப் படுக்க வைத்தும் செங்குத்தாக நிற்க வைத்தும் எடுத்த அளவு வேண்டும். முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்தால் வீச்சு, அதாவது பேலன்ஸ் வீல் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஆடும் அளவு, 270 டிகிரி பக்கம் வருவது நல்லது, வயதான இயந்திரத்துக்கு 250 வந்தாலும் குறை இல்லை, 200-க்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை.

இருட்டில் ஒளிரும் முள் இருக்கிற 1960-களுக்கு முந்தைய வாட்ச் என்றால் அதில் ரேடியம் இருக்கலாம். வெளிச்சம் செத்துப் பல வருஷம் ஆனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும், அதன் பாதி ஆயுளே சுமார் 1,600 வருஷம். வீட்டில் திறந்து சுரண்டவே சுரண்டாதீர்கள், கொடுக்கும்போதும் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், பின்மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே இருக்கும் நம்பரையும் சேர்த்து. ரசீதில் எழுதி வாங்குங்கள்: பாலிஷ் வேண்டாம், டயல், முள், கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) எதையும் கேட்காமல் மாற்றக் கூடாது, கழற்றிய பழைய பாகம் துருப்பிடித்த ஸ்க்ரூவாக இருந்தாலும் ஒரு பொட்டலத்தில் திரும்ப வர வேண்டும்.