இதயச் செயலிழப்பு உள்ள முதியவரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க

இதயச் செயலிழப்பு (இதயத்தால் உடலுக்குப் போதிய இரத்தத்தை உந்த முடியாத நிலை) உள்ள, உடல் தளர்ந்த முதியவருக்கு ப்ளூடூத் எடைக் கருவியும் இரத்த அழுத்தக் கருவியும் வாங்கும் முன், அவை கைபேசிச் செயலி வழியே அனுப்பும் அளவுகளை யார், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதை மருத்துவக் குழுவிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இத்தகைய தொலைநிலைக் கண்காணிப்பு பற்றி 2018-இல் வெளியான ஜெர்மனி ஆய்வொன்றில், இதய, இரத்தக்குழாய் நோய்க்கான திட்டமிடாத மருத்துவமனை அனுமதியாலோ மரணத்தாலோ இழக்கும் நாட்கள் குறைந்தன. அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர்கள் அந்த அளவுகளைக் கவனித்து வந்தனர் என்பதே என் பார்வையில் முக்கியமானது.

காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், உடலில் நீர் தேங்குகிறது என்று கருதி அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். ஆனால் தளர்ந்த முதியவர்களுக்குத் தசை கரைந்துகொண்டே போவதால், நீர் தேங்கினாலும் எடை மாறாமல் இருப்பதுபோலத் தோன்றலாம். ஆகவே கணுக்கால் வீக்கம், படுத்தால் வரும் மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றையும் தினமும் விசாரித்துக் குறித்துவையுங்கள்.

எடைக் கருவி அகலமானதாகவும் வழுக்காததாகவும், பிடித்துக்கொள்ள உறுதியான பிடிமானத்துக்கு அருகிலும் இருக்கட்டும். எடை பார்க்கப் போய் விழுந்துவிடக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால், நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து தெரிவியுங்கள். நெஞ்சுவலியோ, கடும் மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால் செயலியின் பதிலுக்குக் காத்திராமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.