நெல்லை வெயிலில் பிறந்தநாள் சாக்லேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கேக்கையும் பலகாரங்களையும் வீட்டிலேயே செய்யும் பெற்றோர் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். காடு, ரயில், டைனோசர் என்று குழந்தைக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, செல்போனில் பார்த்த படத்தைப் போலவே செய்யத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. அந்தப் படம் குளிர்நாட்டிலோ ஏசி அறையிலோ எடுத்ததாக இருக்கும். நம் வீட்டு விழாவோ பகல் முழுவதும் காய்ந்த மொட்டை மாடியில் நடக்கிறது. ஐந்து மணிக்கு அழைத்தால் கேக் வெட்ட ஏழு ஆகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் தாங்குமா, குழந்தை கையில் பிடித்துத் தின்ன முடியுமா என்று பார்த்த பிறகே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். மே மாதத்தில் பாளையங்கோட்டையில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் சாக்லேட் சிங்கத்தை நிற்க வைக்க எந்தக் கைத்திறனாலும் முடியாது. டெம்பரிங் செய்தால் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27 அல்லது 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றுவதுதான் டெம்பரிங். அது பளபளப்பும் முறுகலும் தருமே தவிர, உருகும் வெப்பத்தைத் தாண்டித் தாங்கும் சக்தியைத் தராது. தவிர, சமையலறையே 34 டிகிரியில் இருக்கும்போது சாக்லேட் தானாக 28க்கு எப்படி இறங்கும்? ஏசி அறை இல்லையென்றால் கோடையில் இதில் இறங்க வேண்டாம்.

வெளியே தெரியும் உருவங்களுக்குக் காம்பவுண்ட் சாக்லேட் போதும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் தேவையில்லை, வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ருசியில் அது ஒரு படி கீழேதான், அதனால் மெல்லியதாக மட்டும் பூச வேண்டும். நல்ல சாக்லேட்டைக் கேக்குக்கும் பிரவுனிக்கும் உள்ளே போடுங்கள். குழந்தைக்கு ருசி தெரிவது அங்கேதான். சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்த பூச்சான கனாஷைப் பூசுவதாக இருந்தால் ஒரு பங்கு கிரீமுக்கு இரண்டு பங்கு டார்க் சாக்லேட் என்று எடை போட்டுச் சேர்க்க வேண்டும். சம பங்கு சேர்த்தால் நம் ஊரில் வழிந்து ஓடும். கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் கனாஷுக்கு நன்றாகவே உதவும். அதையே விப்பிங் கிரீமாக அடிக்க முயன்றால் எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது.

உருகுமோ என்ற பயத்தில் கடைசி நிமிடம் வரை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பது அடுத்த தவறு. குளிர்ந்த சாக்லேட்டை வெளியே எடுத்து மாடிக்குக் கொண்டுபோன சில நிமிடங்களில் அதன் மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் பூக்கும். குழந்தை தொட்டதும் கட்டைவிரல் ரேகை அப்படியே பதியும். அந்த ஈரம் மேலிருக்கும் சர்க்கரையைக் கரைத்து, பிறகு உலரும்போது வெள்ளைத் திட்டுகளாக விட்டுச் செல்லும். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் காற்றில் ஈரம் கூடினால் தொல்லையும் கூடும். காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து, வெளியே எடுத்த பின்னும் அரை மணி நேரம் திறக்காமல் விட்டால் துளிகள் டப்பாவின் மேலேயே தங்கிவிடும்.

உருக்கும்போது நேரும் தவறுகளில் பெரியது தண்ணீர். கழுவிய கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு துளி, கிண்ணத்தின் ஓரத்தில் ஏறும் ஆவி, இவ்வளவு போதும். வழவழவென்று இருந்த சாக்லேட் கண் முன்னே திரிந்து கட்டியாகிவிடும். அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகள்களும் உலர்ந்தவை. கொஞ்சம் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைவிடக் கிண்ணம் அகலமாக இருக்கட்டும், அதன் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உருக்குங்கள். திரிந்துவிட்டால் கொட்டிவிட வேண்டாம். சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் மறுபடி இளகும். அச்சில் வார்க்க ஆகாது, பிரவுனி மேல் ஊற்றும் சாஸாக நன்றாகவே ஆகும். சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி சேர்க்க விரும்புவோரும் இதை மறக்கக் கூடாது. பாகை உருக்கிய சாக்லேட்டில் ஊற்றக் கூடாது. கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, கேக் மாவில் சேர்க்கும் பாலின் அளவில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

களக்காடு–முண்டந்துறை 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அது பக்கத்திலேயே இருக்கும்போது நம் பிள்ளைகள் புலி கேட்பதில் வியப்பில்லை. புலிக்கு ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று சாதாரணத் திரவ நிறத்தை வெள்ளைக் காம்பவுண்டில் விட்டால் மேலே சொன்ன கதைதான், அதுவும் தண்ணீர்தானே. சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய் அடிப்படையிலான நிறமே வேண்டும். பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலப் பொடியைத் தொடவே கூடாது. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு மட்டுமே. ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. புலியின் வரிகளுக்கு டார்க் காம்பவுண்டே போதும்.

காட்டுக்கு இலையும் பூவும் வேண்டுமென்று தோட்டத்தில் கை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அரளி நம் ஊரில் சாலை நடுவிலும் வீட்டு வாசலிலும் பூத்துக் குலுங்குகிறது. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. அழகுக்காகக்கூட அதைக் கேக் மேல் வைக்கக் கூடாது, குழந்தை எதை எடுத்து வாயில் போடும் என்று யாருக்குத் தெரியும்? சாக்லேட் இலை வேண்டுமென்றால் மருந்து அடிக்காத எலுமிச்சை இலையைக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, அதன் அடிப்பக்கத்தில் காம்பவுண்டைப் பூசி, இறுகியதும் இலையை உரித்துவிடலாம். நரம்பு நரம்பாக அச்சு விழுந்திருக்கும்.

இதே அக்கறை மற்ற அலங்காரத்திலும் வேண்டும். உருவத்தை நிறுத்தப் பல்குச்சியும் கம்பியும் செருகாதீர்கள். வெள்ளி நிற உருண்டை, முழு முந்திரி, முழு வேர்க்கடலை ஆகியவை ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளவை. கொட்டைப்பருப்பு ஒவ்வாத பிள்ளை வருகிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். ரயில் கேட்கும் குழந்தைக்கு மூன்றடுக்கு எஞ்சின் கட்ட வேண்டியதில்லை. செவ்வகமாக வெட்டிய சிறு பிரவுனிதான் பெட்டி. பக்கத்துக்கு இரண்டு சிறிய பிஸ்கட்டைக் கனாஷால் ஒட்டினால் சக்கரம். ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் கத்தியும் வேண்டாம், சண்டையும் வராது.

ஓவன் இல்லாதவர்கள் கேக்கைக் குக்கரில் செய்யலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றாமல் வைப்பது ஆபத்து. அடியில் உப்பைப் பரப்பி, பத்து நிமிடம் காயவைத்த பிறகே கேக் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும்.

யார் யார் வருகிறார்கள் என்று யோசிக்காமல் செய்வதும் தவறுதான். புரட்டாசியில் முட்டை தொடாத வீடுகள் பல உண்டு, எப்போதுமே சைவமாக இருப்பவர்களும் உண்டு. முட்டையை விட்டுவிட்டால் சைவம் ஆகிவிட்டது என்று நினைத்து மேலே மார்ஷ்மெல்லோவை அடுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் இருப்பது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின். சைவக் குடும்பத்துக்கும் அது ஆகாது, ஹலால் பார்க்கும் மேலப்பாளையத்து நண்பர் வீட்டுப் பிள்ளைக்கும் தயக்கம் வரும். பாக்கெட்டில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜெல்லி வேண்டுமென்றால் ரமலானில் காய்ச்சும் கடல்பாசி (அகர் அகர்) இருக்கிறது. பாலும் கோகோவும் சேர்த்துக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் மொட்டை மாடிச் சூட்டிலும் உருகாமல் நிற்கும்.