லேஅவுட் ரோட்ட யாரு பெருக்கணும்? சண்டை போடறதுக்கு முன்னாடி பத்திரத்த எடுங்க

எங்க லேஅவுட் வேலூர்ல காட்பாடி பக்கம். மொத்தம் 40 மனை, வீடு கட்டினது 17 பேருதான். மாசி பங்குனி வந்தா வேப்பஞ்சருகு கணுக்கால் அளவுக்கு சேந்துடும், உடனே பஞ்சாயத்து ஆரம்பம், "கார்ப்பரேஷன்காரங்க வரமாட்டேங்கிறாங்க"ன்னு ஒருத்தர், "மனை வித்தவர கேளு"ன்னு இன்னொருத்தர், "உங்க வீட்டு மரந்தானே, நீயே பெருக்கு"ன்னு எதிர் வீட்டு அக்கா. ரெண்டு வருஷம் கத்திக்கினே இருந்தப்புறம்தான் தெரிஞ்சுது, ரோடு யாரு பேர்ல இருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்குமே தெரியாது.

அதனால முதல்ல ரோடு யாரு பேர்லன்னு பாருங்க. உங்க கிரயப் பத்திரத்துல சக்குபந்தி, அதான் மனையோட நாலு பக்க எல்லை, இருக்கும்ல, "வடக்கே 23 அடி ரோடு"ன்னு, அத மட்டும் வெச்சி ரோடு சர்க்காருதுன்னு நினைச்சிடாதீங்க, ரோடு இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது. அப்ரூவல் வாங்கின லேஅவுட்னா ரோட்டையும் பார்க் இடத்தையும் மனை போட்டவரு உள்ளாட்சிக்கு தானப் பத்திரமா எழுதி குடுத்திருக்கணும். அது நடந்துச்சான்னு பாக்க பத்திரப்பதிவு வெப்சைட்ல வில்லங்கச் சான்று (EC) போட்டு பாருங்க, ஆன்லைன்ல பாக்க காசு கிடையாது. உங்க மனை நம்பர் போட்டா வராது, தாய்ப்பத்திரத்துல, அதான் மனையா பிரிக்கறதுக்கு முந்தின நிலத்து பத்திரத்துல, இருக்குற சர்வே நம்பர போட்டு, லேஅவுட் போட்ட வருஷத்துலருந்து தேடுங்க. எழுதி வாங்கினவர் இடத்துல ஆணையரோ ஊராட்சித் தலைவரோ இருந்தா வேலை முடிஞ்சுது. வேலூர் மாநகராட்சி ஆனது 2008ல, 2011லதான் சத்துவாச்சாரி, தாராபடவேடு மாதிரி ஊரெல்லாம் அதோட சேந்துச்சு, அதனால பழைய பத்திரத்துல பழைய உள்ளாட்சி பேரு இருந்தா பயப்படாதீங்க, அந்த ரோடு இப்ப மாநகராட்சியுதுதான்.

தானப் பத்திரம் இருந்தா பெருக்குறது, கால்வாய் அள்ளுறது எல்லாம் அவங்க பொறுப்பு. தூய்மைப் பணியாளர் அம்மாகிட்ட போய் சண்டை போடாதீங்க, அவங்க தெரு லிஸ்ட்ல உங்க தெரு இல்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். சுகாதார ஆய்வாளராண்ட தானப் பத்திர நம்பர், வருஷம், நகல் எல்லாம் வெச்சி மனு குடுங்க, உங்க நகல்ல சீல் போட்டு வாங்காம நகராதீங்க. நாங்க முதல் தடவ சீல் வாங்கல, மனுவே வரலன்னுட்டாங்க. அப்பவும் நடக்கலன்னா திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டம். ஊராட்சியா இருந்தா கிராம சபையில சொல்லி தீர்மானத்துல ஏத்த சொல்லுங்க.

தானப் பத்திரம் இல்லையா, ரோடு இன்னும் தனியாருதுதான். ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவான லேஅவுட்னா மனைக்காரங்க சங்கம் பொறுப்ப ஏத்துக்கற வரைக்கும் அடிப்படை வசதிய பராமரிக்க வேண்டியது மனை போட்டவரு, அதுக்கு நியாயமான கட்டணம் கேக்கலாம் அவரு. 500 சதுர மீட்டருக்கு மேல இருந்தா பொதுவா ரெரால பதிவு பண்ணணும். பழைய லேஅவுட், போட்டவரு ஆளே காணோம்னா மிச்சம் இருக்கறது மனைக்காரங்கதான். 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துல ஒரு சங்கம் பதிவு பண்ணி, சங்கம் பேர்ல பேங்க் கணக்கு தொறந்துடுங்க. ஒருத்தரோட ஜிபேல பணம் வாங்கினா ஆறே மாசத்துல சண்டை வரும், எங்களுக்கு நாலாவது மாசமே வந்துடுச்சி.

இங்க ஒரு விஷயத்துல நான் கறாரு. காலி மனைக்காரங்களும் பங்கு குடுக்கணும். "நான் பெங்களூருல இருக்கேன், நான் எங்க குப்பை போட்டேன்"னு கேப்பாங்க. அவங்க மனையில பார்த்தீனியம் இடுப்பு அளவுக்கு நிக்குது, ராத்திரி பைக்ல வர்றவன் கவர அங்கதான் வீசிட்டு போறான், சிமெண்ட் மூட்டை, உடைஞ்ச டைல்ஸ் எல்லாம் அங்கதான். போட்டோ எடுத்து மாசாமாசம் அனுப்பிக்கினே இருங்க. நாங்க மனைக்கு 150 ரூபான்னு வெச்சோம், அதுல வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு அம்மா பெருக்குறாங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ கால்வாய் அள்றோம்.

இன்னொன்னு, நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. ரோடு தனியாருதா இருந்தாலும் வீட்டுக் குப்பைய வாசல்ல வந்து வாங்குறது உள்ளாட்சி வேலைதான், திடக்கழிவு மேலாண்மை விதியிலயே எல்லா வீட்லருந்தும் வாங்கணும்னு இருக்கு. "பிரைவேட் ரோடு, வண்டி வராது"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நம்ம பக்கம் பிரிச்சு குடுக்கணும், ரோட்டுலயும் கால்வாயிலயும் வீசக்கூடாது, கொளுத்தக்கூடாது. தெருவுல ஷாமியானா போட்டு 100 பேருக்கு மேல கூப்பிட்டு மஞ்சள் நீராட்டு வெச்சாலும், மூணு வேலை நாளுக்கு முன்னாடி உள்ளாட்சிக்கு சொல்லணும்னு அதே விதியில இருக்கு, அந்த எச்ச இலைய பிரிச்சு குப்பை எடுக்கறவங்ககிட்ட குடுக்க வேண்டியது விழா வெச்ச வீட்டுக்காரங்க.

வேப்பஞ்சருகுக்கு நாங்க பண்ணது, பார்க்னு விட்ட இடத்து மூலையில இடுப்பு ஆழத்துக்கு ஒரு குழி, சருகு ஒரு அடுக்கு, சாணித்தண்ணி ஒரு தெளிப்பு, மேல கொஞ்சம் மண்ணு. இப்ப அந்த எருவுக்கு அடிச்சிக்கிறாங்க. முதல் ஆளா பக்கெட்டு எடுத்துக்கினு வர்றது எதிர் வீட்டு அக்காதான்.