ஊதினால்தான் வண்டி கிளம்பும்: காரில் இன்டர்லாக் கருவியைப் பயன்படுத்துவது எப்படி?

இன்டர்லாக் என்பது காரின் ஸ்டார்ட்டர் வயரிங்கோடு இணைத்த ப்ரெத் அனலைசர். மூச்சில் ஆல்கஹால் வரம்பைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது, அவ்வளவுதான். பொருத்துவது மெக்கானிக் வேலை, அதை விட்டுவிடுவோம்.

1. சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே இருக்கும் சென்சார் சூடாக வேண்டும். குளிர் நேரத்தில் இன்னும் தாமதமாகும். திரையில் 'ஊது' என்று வரும்வரை அவசரப்பட்டுப் பயனில்லை.

2. வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். சில மவுத்வாஷ்களிலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. ரத்தத்தில் துளி இல்லாவிட்டாலும் வாயில் தங்கிய ஆவியே அளவை எகிற வைத்துவிடும். 15 நிமிடம் விட்டால் அது போய்விடும்.

3. இப்போது ஊதுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கருவிக்கு வேண்டியது வாய்க்காற்று அல்ல, ரத்தத்தோடு உரசி வரும் நுரையீரலின் ஆழத்துக் காற்று. அதனால் குறிப்பிட்ட அளவு காற்று வெளியேறிய பிறகே மாதிரியை எடுக்கும். மெழுகுவர்த்தியை அணைக்கிற மாதிரி 'புஸ்' என்று ஊதினால் எர்ரர்தான் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே சீராகப் பீப் சத்தம் வரும்வரை ஊதுங்கள். கன்னத்தை உப்ப வேண்டாம். சில மாடல்களில் ஊதும்போதே 'ம்ம்ம்' என்று முனக வேண்டும், சிலவற்றில் ஊதிவிட்டு உடனே உள்ளே இழுக்க வேண்டும். பலூன் காற்றை வைத்து ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்த வித்தை.

4. உள்ளே நடப்பது இது: சென்சாராக இருக்கும் ஃப்யூயல் செல்லில் உள்ள பிளாட்டினம் தகட்டில் ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாக மாறும்போது மின்சாரம் பிறக்கிறது. ஆல்கஹால் கூடினால் மின்சாரமும் கூடும். தனியாகக் கையடக்கக் கருவி வாங்குவதானாலும் ஃப்யூயல் செல் வகையையே வாங்குங்கள். மலிவான செமிகண்டக்டர் வகை, சர்க்கரை நோயாளியின் மூச்சில் இருக்கும் அசிட்டோனைக்கூட ஆல்கஹால் என்று சொல்லக்கூடும்.

5. வண்டி கிளம்பிவிட்டதா? வேலை முடியவில்லை. ஓடும்போதும் அவ்வப்போது மறுபடி ஊதச் சொல்லும். அவகாசம் தரும், ஓரமாக நிறுத்தி ஊதுங்கள். ஊதாவிட்டால் நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பதிவாகும், ஹாரன் அலறக்கூடும், இன்ஜினை அணைக்காது.

பிற்சேர்க்கை: 'ராத்திரி குடித்ததற்குக் காலையில் ஏன் மறுக்கிறது?' என்று சிலர் கேட்டார்கள். கருவி சரியாகத்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஆல்கஹாலின் அளவு மணிக்குச் சுமார் 0.015 சதவீதப் புள்ளி என்ற வேகத்தில்தான் குறையும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது.

அப்புறம், சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினால் கருவியில் கைவைத்ததாகப் பதிவாகலாம். பொருத்திக் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்த்துச் சீராக்குவது) தேதியையும் தவறவிடாதீர்கள், தாண்டினால் குடிக்காதவருக்கும் வண்டி கிளம்பாது.