வேதி ஒளிக்குச்சிக்கு மாற்றாக மின் ஒளிக்குச்சி: ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

வேதி ஒளிக்குச்சியை வளைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குப்பி உடைகிறது. அதிலிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, குப்பியைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழாயில் இருக்கும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருளின் கரைசலோடு கலக்கிறது. அந்த வினையில் பிறக்கும் ஆற்றல் குச்சிக்குள் இருக்கும் சாயத்தை ஒளிரச் செய்கிறது. ஒருமுறை தொடங்கினால் நிறுத்த வழியில்லை, தீர்ந்ததும் குப்பைதான். அதனால்தான் எல்இடியும் பேட்டரியும் கொண்ட, திரும்பத் திரும்பப் பயன்படும் குச்சிகளை நானும் விரும்புகிறேன். ஆனால் இரண்டையும் ஒப்பிடும் விதத்தில் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறு, உறையில் அச்சிட்ட மணிக்கணக்கை மட்டும் பார்ப்பது. '12 மணி நேரம்' என்று எழுதிய வேதிக்குச்சி அந்த 12 மணி நேரமும் ஒரே வெளிச்சம் தருவதில்லை. தொடக்கத்தில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிக்கொண்டே போகும். கடைசி மணிகளில் குச்சி எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதன் வெளிச்சத்தில் வேறெதையும் பார்க்க முடியாது. மின் குச்சியின் கணக்கும் அப்படியே நம்பத்தக்கதல்ல. கைவிளக்குகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் எஃப்எல்1 தரமுறையில், தொடக்க வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம்தான் 'எரியும் நேரம்'. சில தயாரிப்பாளர்கள் விட்டுவிட்டு மின்னும் நிலையில் அளந்த மணிக்கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று உள்ள குச்சி கடைசிவரை ஒரே அளவில் எரிந்து, சட்டென்று அணைந்துவிடலாம். ஆகவே, எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, ஆறாவது மணியில் எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பதே சரி. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் இரண்டையும் ஏற்றி, கேமராவின் அமைப்புகளை மாற்றாமல் மணிக்கு ஒரு படம் எடுங்கள். மறுநாள் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்த விளம்பரமும் தேவைப்படாது.

குளிரில் பேட்டரி படுத்துவிடும், வேதிக்குச்சி படுக்காது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. வேதிவினையும் குளிரில் மெதுவாகும். குச்சி மங்கலாகி, அதிக நேரம் எரியும். வெப்பத்திலோ பிரகாசமாகி விரைவில் தீர்ந்துவிடும். அல்கலைன் பேட்டரி குளிரில் திணறும் என்பது உண்மை. ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் வகை அதைவிட நன்றாகத் தாங்கும்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. தண்ணீர் புகாத மின் குச்சி எரிவாயு கசிந்த இடத்திலும் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் அது. ஐபி67 என்ற குறியீடு தூசி புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. எரிவாயுவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வேதிக்குச்சியில் மின்சாரம் இல்லை, தீப்பொறி இல்லை, சூடும் இல்லை என்றே சொல்லலாம். எந்த மின் விளக்கிலும் சுவிட்சைத் தொடும் கணத்தில் பொறி எழலாம். வெடிக்கும் சூழலுக்கென்று தனிச்சான்று பெற்ற விளக்கு அல்லாத எதையும் அங்கே ஏற்றாதீர்கள். முக்குளிப்பவர்களுக்கும் ஐபி67 போதாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரு மடங்கு.

நான் செய்த தவறு எளிமையானது. அவசரப் பெட்டியில் அல்கலைன் பேட்டரியோடு மின் குச்சிகளைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். விளக்கு தேவைப்பட்ட இரவில் திறந்து பார்த்தால், பேட்டரி கசிந்து முனைகளெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன. பக்கத்தில் உறை பிரிக்காமல் கிடந்த வேதிக்குச்சி ஒன்றுதான் அன்று கைகொடுத்தது. உறை கிழியாத வேதிக்குச்சி சில ஆண்டுகள் தாங்கும். ஈரம் புகுந்தால் கெட்டுப்போகும். மின் குச்சியில் பேட்டரியைக் கழற்றி அருகில் வையுங்கள். ரீசார்ஜ் வகையானால் பாதி சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள்.

குழந்தைகள் இருக்கும் இடத்தில், கசியும் திரவத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது கண்ணில் பட்டால் எரியும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் அதைவிடப் பேராபத்து சிறிய மின் குச்சிகளுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்படாத குச்சியை வாங்கவே வேண்டாம். விழுங்கிய சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடைசியாக, சூழல் கணக்கு. திரும்பப் பயன்படுத்தலாம் என்பது வேறு, அது திரும்பி வரும் என்பது வேறு. படகிலிருந்து தண்ணீரில் விடப்படும் குச்சியும், கூட்டத்தில் பகிர்ந்து கொடுக்கும் குச்சியும் பெரும்பாலும் கைக்குத் திரும்புவதில்லை. அங்கே தொலைவது பிளாஸ்டிக் மட்டுமல்ல, பேட்டரியும் மின்சுற்றும் சேர்ந்தே. கூடாரக் கயிறு, நாயின் கழுத்துப்பட்டை, முதுகுப்பை என்று கட்டிவைத்துத் திரும்ப எடுக்கும் இடங்களுக்கு மின் குச்சியைத் தயங்காமல் வாங்கலாம்.