பழைய எலெக்ட்ரோனிக் டைரிக்குப் பேட்டரி மாற்றுவது எப்படி, அது நீடித்து உழைக்க என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடிகாரமும் கைப்பேசியும் பழுது பார்க்கும் எங்கள் கடைக்கு எலெக்ட்ரோனிக் டைரிகள் இன்னமும் வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணிமார், பழைய வாத்தியார்கள், கோயில் கமிட்டிப் பொருளாளர்கள். பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட்போன் சட்டைப் பையில் இருக்கும். ஆனால் சொந்தக்காரர் நம்பர், நிலவரி கட்டும் தேதி, பேங்க் கணக்கு எண் எல்லாம் டைரிக்குள்தான். தமிழ் எழுத்து வராத அந்தக் குட்டித் திரையில் முனியம்மா, மாரிமுத்து என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பேட்டரி மாற்றித் தரப் போகும் மகன், மகள், பேரப்பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை ஸ்குரூ டிரைவரைத் தொடாதவர்களும் செய்யலாம்.

எல்லாரும் முதலில் கேட்பது, "பேட்டரி எத்தனை மாசம் வரும்?" அதற்குப் பதில் பின்னால் வருகிறது. அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்டவர் ஒரு பெரியவர்தான்: "மாத்துனா உள்ள உள்ளதெல்லாம் போயிடுமா தம்பி?" "முறையா மாத்துனா போகாதுங்கய்யா" என்றேன். அந்த முறையைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

இன்றைய கைப்பேசி, பேட்டரி செத்தாலும் படங்களை வைத்திருக்கும். அதிலுள்ளது ஃபிளாஷ் நினைவகம். அந்தக் கால டைரிகள் நாம் அடித்ததை ரேம் நினைவகத்தில் வைத்திருந்தன. ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் 'ஆஃப்' செய்த பிறகும் அது பேட்டரியிலிருந்து துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் டைரியும் காலி. பாம் (Palm) என்ற கையடக்கக் கருவிகளில் 2004 வாக்கில் வந்த மாடல்கள், அதே மாதிரிக் கருவிகளை இயக்கிய விண்டோஸ் மொபைல் மென்பொருளில் 2005-இல் வந்த 5.0 பதிப்பு, இவற்றிலிருந்துதான் பேட்டரி போனாலும் அழியாத நினைவகம் பரவலானது.

1. உங்கள் கருவி எந்த வகை?

பின்பக்க மூடியைப் பாருங்கள். காசியோ, ஷார்ப் வகை டைரிகளில் பெரும்பாலும் வட்டமான பட்டன் பேட்டரிகள் இருக்கும். பாம் வகையில் 1996-இல் வந்த பைலட், 1998-இன் பாம் III, 2000-இன் எம்100 ஆகியவற்றுக்கு இரண்டு டிரிபிள் ஏ (AAA) பேட்டரி. எச்பி 200எல்எக்ஸ், சையான் சீரிஸ் 5 போன்ற விசைப்பலகைக் கருவிகளுக்கு இரண்டு டபுள் ஏ (AA), கூடவே ஒரு பட்டன் பேட்டரி. மூடியே இல்லையென்றால், 1999-இன் பாம் V மாதிரி, உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் அயன் பேட்டரி வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2. பிரதி எடுங்கள்

மூடியைத் திறக்குமுன் செய்ய வேண்டிய வேலை இது. கேபிளும், கருவியைச் செருகி நிறுத்தும் தொட்டிலும் பத்திரமாக இருந்தால் பாம் கருவியைக் கணினியோடு ஹாட்சிங்க் செய்யலாம், அதாவது உள்ளதைக் கணினியில் பிரதி எடுக்கலாம். ஆனால் பழைய தொட்டில்களுக்கு வேண்டிய சீரியல் துளை இன்றைய மடிக்கணினிகளில் கிடையாது. அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு பக்கமாகத் தட்டி, கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் வேண்டாம், திரையில் பட்டுத் தெறிக்கும். சன்னல் பக்கம் உட்கார்ந்து சற்றுச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து தெளிவாக விழும். நம்பர் நிறைய இருந்தால் ஒருவர் படிக்க ஒருவர் நோட்டில் எழுதலாம். பெரியவர்களுக்கு அந்த வேலை பிடிக்கும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும் என்பதையும் மனத்தில் வைத்து நேரம் ஒதுக்குங்கள்.

3. சரியான பேட்டரியை வாங்குங்கள்

பட்டன் பேட்டரியின் எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. சிஆர்2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 அதே விட்டம், தடிமன் 2.5. சிஆர்2016 தடிமன் 1.6. மூன்றுமே 3 வோல்ட்தான், அதனால் "எதைப் போட்டாலும் ஒன்னுதானே" என்று கடையில் கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். தடித்ததைத் திணித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும். மெல்லியதைப் போட்டால் இன்றைக்கு வேலை செய்யும், மேசையில் ஒரு தட்டுப் பட்டால் தொடர்பு விட்டு எல்லாம் அழியும். எல்ஐஆர்2032 என்று போட்டிருந்தால் அது மறுபடி சார்ஜ் செய்யும் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், டைரிக்கு ஆகாது.

டிரிபிள் ஏ வாங்குவதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நாலைந்து அடுக்காகக் கட்டி விற்கும் பேட்டரியின் மேல் 'ஹெவி டியூட்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது சாதாரண கார்பன் துத்தநாக வகை. சுவர்க்கடிகாரத்துக்குப் போதும், டைரிக்குப் பத்தாது. விளம்பரச் சொல்லை விட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள குறியைப் படியுங்கள். ஆர்03 என்றால் கார்பன் துத்தநாகம், எல்ஆர்03 என்றால் அல்கலைன், எச்ஆர்03 என்றால் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை. டபுள் ஏ-க்கு இதே எழுத்துகள், எண் மட்டும் 6. உங்களுக்கு வேண்டியது எல்ஆர்.

காலாவதித் தேதியையும் பாருங்கள். பேட்டரி சும்மா இருந்தாலே தேயும், வெக்கையில் இன்னும் சீக்கிரம் தேயும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் படும் இடத்தில் வருசக்கணக்கில் தொங்குவதை வாங்குவதைவிட, சரக்கு வேகமாக ஓடும் கடையில் ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்குவது லாபம்.

4. மாற்றும் வேலை

முதலில் கருவியை ஆஃப் செய்யுங்கள். புதுப் பேட்டரியைப் பொட்டலத்திலிருந்து வெளியே எடுத்து, கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று பார்த்துக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

பட்டன் பேட்டரி டைரியில் பெரும்பாலும் இரண்டு இடம் இருக்கும்: ஒன்று முதன்மைப் பேட்டரி, மற்றொன்று காப்புப் பேட்டரி. கங்காணி லீவில் போனால் பெரட்டை (காலையில் ஆள் கணக்கெடுப்பதை) பார்த்துக்கொள்ளும் ஆள் மாதிரி, முதன்மையை எடுத்த நேரத்தில் நினைவகத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் காப்பின் வேலை. ஆகவே இரண்டையும் ஒருசேரக் கழற்றவே கூடாது. முதலில் முதன்மையை மாற்றி, மூடி, ஆன் செய்து, பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் மறுபடி ஆஃப் செய்துவிட்டுக் காப்பை மாற்றுங்கள். பேட்டரியை இரும்பு இடுக்கியால் பிடிக்காதீர்கள், மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பைப் பிடித்து வையுங்கள். விரல் எண்ணெய்ப் பசை நாளடைவில் தொடர்பைக் கெடுக்கும்.

மாற்றியதும் சில கருவிகள் நினைவகத்தை அழிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' அழுத்தி அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. 'நோ' அழுத்துங்கள்.

பாம் வகைக்குக் கணக்கே வேறு. அதில் காப்புப் பேட்டரி கிடையாது. கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் சுமார் ஒரு நிமிடம் தாங்கும் என்று கையேடு சொல்கிறது. இருபது வயது தாண்டிய கெப்பாசிட்டரை அவ்வளவு நம்ப வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அங்கே இரண்டு பேட்டரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்றை எடுத்தாலே மின்சாரம் அறுந்துவிடும். இரண்டையும் சட்டென்று எடுத்து, இரண்டையும் சட்டென்று போடுங்கள். திரை உறைந்து நின்றால் பின்பக்கத் துளையில் விரித்த பேப்பர் கிளிப்பின் முனையால் ஒருமுறை அழுத்துவது சாதாரண ரீசெட், அதனால் எதுவும் அழியாது. பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அதே துளையை அழுத்தினால் அது எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட். வித்தியாசம் தெரியாமல் தொடாதீர்கள்.

மூடிக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய அல்கலைன் கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு மட்டும் தொட்டுத் தேயுங்கள். லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங்கில் துரு மிச்சமிருந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். ஆனால் டைரி இன்னும் உயிரோடிருந்தால் இந்தச் சுத்தம் செய்யும் நேரத்தில் நினைவகம் போகக்கூடும், அதனால்தான் இரண்டாம் படியை முன்னால் வைத்தேன்.

5. சரி, எத்தனை நாள் வரும்?

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. சிஆர்2032-இன் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. சும்மா இருக்கும்போது டைரி 20 மைக்ரோஆம்பியர், அதாவது 0.02 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 220-ஐ 0.02-ஆல் வகுத்தால் 11,000 மணி நேரம், அதாவது ஒன்றேகால் வருடம். டிரிபிள் ஏ அல்கலைனுக்குச் சுமார் 1,000. பயன்படுத்தும்போது 20 மில்லிஆம்பியர் போகிறதென்றால் 50 மணி நேரம், தினம் அரை மணி நேரம் பார்த்தால் மூன்று மாதத்துக்கு மேல். இரண்டு பேட்டரி போட்டதால் இது இரட்டிப்பாகாது, தொடர் இணைப்பில் வோல்ட்தான் கூடும். இழுக்கும் அளவு கருவிக்குக் கருவி மாறும், வழி இதுதான்.

வண்ணத் திரை வந்த கருவிகள் ஒருநாள் தாங்கவே திணறியபோது, கறுப்பு வெள்ளை பாம் வாரக்கணக்கில் ஓடியதற்குக் காரணம் உண்டு. அதன் திரை வெளிச்சத்தைத் தானே உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து விழுவதைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே இருந்த மோட்டோரோலா டிராகன்பால் புராசஸர் 16 மெகாஹெர்ட்ஸ் வேகம்தான், நீங்கள் அடுத்ததைத் தட்டும்வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சேமிக்க வேண்டுமானால் பின்விளக்கிலிருந்து தொடங்குங்கள். விடிகாலைப் பெரட்டில் இருட்டாக இருந்த காலம் வேறு, இப்போது வீட்டில் விளக்கடியில்தானே பார்க்கிறோம். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக வையுங்கள். பாமில் அகச்சிவப்புக் கதிர் வாங்கும் வசதியை மூடுங்கள். பைக்குள் பொத்தான் அழுந்தித் தானாக ஆன் ஆவதுதான் நான் அதிகம் பார்க்கும் திருட்டு. கெட்டி உறை போட்டால் நின்றுவிடும்.

நிக்கல் வகையைச் சார்ஜ் செய்து போடலாமா என்றால், போடலாம். அது 1.2 வோல்ட் என்பதால் பேட்டரி அளவுகாட்டி முதல் நாளிலேயே குறைவாகக் காட்டும். கடைசிவரை ஒரே சீராக ஓடிவிட்டுத் திடீரென்று விழும், முதல் எச்சரிக்கை வந்த அன்றே மாற்றிவிட வேண்டும். ரேம் டைரியில் அந்தப் பதைப்பு தேவையா என்பது என் எண்ணம். போட்டே ஆகவேண்டுமென்றால், 2005-இல் வந்த எனலூப் மாதிரி சும்மா வைத்தாலும் மெதுவாகவே இறங்கும் வகையாகப் பாருங்கள்.

மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். புது அல்கலைன் 1.5-க்குச் சற்று மேலே காட்டும். பட்டன் பேட்டரியில் மட்டும் மீட்டர் நம்மை ஏய்க்கும்: ஏறக்குறைய தீர்ந்ததும் 2.9 காட்டும், சுமை விழுந்ததும் படுத்துவிடும்.

6. மூடியில்லாத கருவிகள்

பாம் V போன்றவற்றின் உடல் பசையால் ஒட்டியது. சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் முயல வேண்டாம். முதுகு உப்பியிருந்தால் சார்ஜும் போடாதீர்கள், அழுத்தவும் குத்தவும் கூடாது. நல்ல நிலையில் இருந்தால் முழுக்கத் தீரவிடாமல் அவ்வப்போது சார்ஜ் செய்துவாருங்கள். காரின் முன்கண்ணாடி அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

7. கழற்றியவை

இனி பயன்படுத்தப் போவதில்லை என்றால், பிரதி எடுத்துவிட்டு எல்லாப் பேட்டரியையும் கழற்றி வையுங்கள். கசிந்து கருவியைக் கெடுக்கும் பேட்டரிகள் அநேகமாக மறந்துபோனவைதாம். பழைய பட்டன் பேட்டரியின் இரு பக்கத்திலும் செலோடேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், பேட்டரியின் எண் உள்ள அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.